1 சதவீத வெளிச்சத்தில் மினுக்காத எல்இடி டிரைவர்: அடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் தன் வீட்டு ஹாலுக்கு 20 வாட் எல்இடி விளக்கு ஒன்றைத் தானே செய்கிறார். குமிழைத் திருகினால், இருட்டில் டிவி பார்க்கிற அளவுக்கு, அதாவது 1 சதவீதம் வரை வெளிச்சம் இறங்க வேண்டும். மினுக்கக் கூடாது, டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) சூடாகக் கூடாது. கடையில் வாங்கிய 9 வாட் பல்பை மின்விசிறி ரெகுலேட்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார், அது டிஸ்கோ லைட் மாதிரி அடித்திருக்கிறது. எந்த சர்க்யூட் போடுவது, பிடபிள்யூஎம்மா (கரண்டை வேகமாக விட்டு விட்டு ஓட்டுவது) அனலாகா (கரண்டையே குறைப்பது) என்று கேட்கிறார்.

பெரும்பாலானவர்கள் 100 சதவீதத்துக்கு டிரைவரைச் செய்து முடித்துவிட்டு, டிம்மிங்கைக் கடைசியில் ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். நான் அப்படித்தான் பல நாள் வீணடித்தேன். எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காயில் எத்தனை ஹென்றி, பிடபிள்யூஎம் எத்தனை ஹெர்ட்ஸ், எந்த ஐசி என்பதையெல்லாம் அந்த 1 சதவீதம்தான் தீர்மானிக்கும்.

முதலில் அந்த ரெகுலேட்டர் விஷயம். பல்புக்குள் இருக்கும் டிரைவருக்கு இருப்பது ஒரே வேலை: வெளியே வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் எல்இடிக்குப் போகும் கரண்டை மாறாமல் வைத்திருப்பது. நீங்கள் வோல்டேஜைக் குறைக்கக் குறைக்க அது சளைக்காமல் ஈடுகட்டும். ஒரு கட்டத்தில் முடியாமல் அணையும், உள்ளே கெபாசிட்டர் மறுபடி சார்ஜ் ஆகும், எழுந்திருக்கும், திரும்ப அணையும். நீங்கள் பார்த்த டிஸ்கோ அதுதான். இப்போது விற்கிற, டக் டக் என்று நிற்கும் ஸ்டெப் ரெகுலேட்டர்களுக்குள் தொடராக மாட்டிய கெபாசிட்டர்கள்தான் இருக்கின்றன. மின்விசிறி மோட்டாருக்கு அது சரி, எல்இடி பல்புக்குப் பொருந்தாது.

வழுக்கிக்கொண்டு திரும்பும் பழைய குமிழ் வகையில், ஏசி அலையில் ஒரு பகுதியை வெட்டிவிடும் மின்னணு ஸ்விட்ச்சான ஒரு டிரையாக்கும் (பெரும்பாலும் பிடி136) அதைத் தட்டிவிட ஒரு டிபி3 டயாக்கும் இருக்கும். டிரையாக் ஒருமுறை ஆன் ஆனால் தொடர்ந்து ஆனில் நிற்க ஒரு குறைந்தபட்சக் கரண்ட் வேண்டும். ரகத்தைப் பொறுத்து அது சில மில்லிஆம்பியரிலிருந்து சில பத்து மில்லிஆம்பியர் வரை போகும். 60 வாட் குண்டு பல்பு 260 மில்லிஆம்பியர் இழுத்ததால் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 9 வாட் எல்இடி முழு வெளிச்சத்திலேயே சுமார் 40தான் இழுக்கும், டிம் செய்தால் இன்னும் குறையும். டிரையாக் பாதி அலையிலேயே கையை விட்டுவிடும். ‘டிம்மபிள்’ என்று எழுதிய பல்புகளில் இதற்காகவே ஒரு பிளீடர் இருக்கிறது. டிரையாக்கை ஆனில் வைத்திருக்கும் அளவுக்குக் கரண்டை வெறுமனே இழுத்துச் சூடாக்கும் சர்க்யூட் அது. சுவரில் ஏற்கெனவே டிம்மர் பதித்த வீட்டுக்கு அது வேண்டியிருக்கும். நீங்கள் புதிதாகச் செய்வதால் அலையை வெட்டும் டிம்மிங்கை மறந்துவிடுங்கள். மெயின்ஸ் முழுசாக வரட்டும், குமிழ் டிரைவருக்குத் தனிக் கம்பியில் போகட்டும்.

அடுத்து எல்இடி. 3 வோல்ட் எல்இடி பத்தைத் தொடராகப் போட்டு 700 மில்லிஆம்பியர் ஓட்டினால் 30 வோல்ட், 21 வாட். வோல்டேஜை மட்டும் நிலையாக வைத்தால் என்ன ஆகும்? இந்த இடத்தில் ஒவ்வொரு எல்இடியின் டைனமிக் ரெசிஸ்டன்ஸ் (வோல்டேஜ் கொஞ்சம் மாறினால் கரண்ட் எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் தடை) சுமார் 0.3 ஓம், பத்துக்கு 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சப்ளை 1 வோல்ட் ஏறினால் கரண்ட் 0.33 ஆம்பியர் ஏறும், கிட்டத்தட்ட பாதி கூடிவிடும். சப்ளை ஏறவே இல்லை என்றாலும் இது நடக்கும். எல்இடி சூடானால் அதன் வோல்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 50 டிகிரி சூட்டுக்குப் பத்து எல்இடியிலும் சேர்த்து 1 வோல்ட். கரண்ட் பாதி கூடும், சூடு இன்னும் ஏறும், அதனால் கரண்ட் இன்னும் கூடும். அதனால்தான் நிலையான கரண்ட் டிரைவர் கேட்கிறோம்.

சரி, 230 வோல்ட் ஏசியிலிருந்து இந்த 700 மில்லிஆம்பியருக்கு எப்படி வருவது? காசு மிச்சம் பிடிக்க, ஒரே ஃப்ளைபேக் (டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்விட்சிங் சர்க்யூட்) கட்டத்தில் பவர் ஃபாக்டரையும் (மெயின்ஸ் வோல்டேஜின் அலையோடு கரண்டின் அலை எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) திருத்தி எல்இடியையும் ஓட்டும் வடிவமைப்பு சந்தையில் ஏராளம். அதில் ஒரு சிக்கல். பவர் ஃபாக்டர் நன்றாக இருக்க வேண்டுமானால் மெயின்ஸிலிருந்து வரும் சக்தி நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்துக்கும் இரட்டிப்புக்கும் இடையே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வெளிப்பக்கக் கெபாசிட்டர் விழுங்க வேண்டும். 1000 மைக்ரோஃபாரட் போட்டால் 100 ஹெர்ட்ஸில் அதன் தடை 1.6 ஓம். பக்கத்தில் 3 ஓம் எல்இடி வரிசை. அந்த ஏற்ற இறக்கத்தில், அதாவது ரிப்பிளில், ஏறக்குறைய 47 சதவீதம் எல்இடி வழியாகவே போய்விடும், அதாவது வெளிச்சம் 47 சதவீதம் ஏறி இறங்கும்.

இது எவ்வளவு மோசம்? மினுக்கலுக்கான ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு) 1789 என்ற 2015ஆம் ஆண்டுப் பரிந்துரையில் எளிமையான கணக்கு ஒன்று இருக்கிறது. 90 ஹெர்ட்ஸுக்கு மேலே, அதிர்வெண்ணை 0.08ஆல் பெருக்கினால் வருகிற சதவீதம் வரை ஏறி இறங்கினால் ஆபத்து குறைவு. 100 ஹெர்ட்ஸுக்கு 8 சதவீதம். நமக்கு வந்தது 47. கெபாசிட்டரை வைத்தே 8க்குக் கொண்டுவர வேண்டுமானால் 6600 மைக்ரோஃபாரட் வேண்டும். அதுவும் எலக்ட்ரோலிட்டிக், அதுவும் சூடான பெட்டிக்குள். நேரே பார்த்தால் 100 ஹெர்ட்ஸ் பலர் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள், ஒரு பேனா ஏழெட்டு பேனாவாகத் தெரியும்.

ஆகவே இரண்டு கட்டம். முதல் கட்டத்தை நீங்கள் செய்யாதீர்கள். 325 வோல்ட் உச்சம் ஓடும் பலகையை வீட்டு மேசையில் வைத்து முதல் ப்ராஜெக்ட்டாகச் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை. பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) முத்திரை உள்ள, தனிமைப்படுத்திய (மெயின்ஸோடு நேரடி மின் தொடர்பு இல்லாத) 48 வோல்ட், 36 வாட் சப்ளை ஒன்றை வாங்குங்கள். அதற்குப் பின்னால் 48 வோல்ட்டிலிருந்து 30க்கு இறக்கும் பக் டிரைவரை மட்டும் நீங்கள் செய்யுங்கள். மினுக்கல், டிம்மிங் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. மேசை மேல் இருப்பதும் தொட்டால் ஆளைக் கொல்லாத வோல்டேஜ்.

இப்போது கணக்கு. பக்கில் டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) 30 ÷ 48 = 0.625. ஸ்விட்சிங் 200 கிலோஹெர்ட்ஸ், காயிலில் ரிப்பிள் 700 மில்லிஆம்பியரில் 30 சதவீதம், அதாவது 0.21 ஆம்பியர் என்று வைத்தால், காயில் (48 − 30 = 18 வோல்ட் அதன் மேல் விழும்) 18 × 0.625 ÷ (2,00,000 × 0.21) = 268 மைக்ரோஹென்றி. கடையில் கிடைப்பது 330, அதைப் போடுங்கள். ரிப்பிள் 170 மில்லிஆம்பியராகக் குறையும், உச்சம் 785 வரும். காயிலின் சாச்சுரேஷன் கரண்ட் (அதைத் தாண்டினால் காயில் கரண்டைக் கட்டுப்படுத்தாது) குறைந்தது 1.2 ஆம்பியர் இருக்கட்டும். சூடானால் காயிலுக்குள் இருக்கும் ஃபெரைட்டின் தாங்கும் அளவு குறையும், அதற்குத்தான் இந்த இடைவெளி.

இழப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்விட்ச்சாக வேலை செய்யும் 0.1 ஓம் மாஸ்ஃபெட்டில் 0.03 வாட். அது ஆன், ஆஃப் ஆகும் நேரங்களில் இன்னொரு 0.1 வாட். அது ஆஃப்பில் இருக்கும்போது கரண்டைச் சுமக்கும் ஷாட்கி டயோடில் 0.5 × 0.7 × 0.375 = 0.13 வாட். காயில் கம்பி 0.4 ஓம் என்றால் 0.2 வாட். கரண்ட் அளக்கும் ரெசிஸ்டரில் 0.2 வோல்ட் விழுந்தால் 0.14 வாட். ஐசிக்குக் கொஞ்சம். எல்லாம் சேர்த்து 0.7 வாட்டுக்குள், 21 வாட்டுக்கு 97 சதவீதம் வருகிறது. பலரும் மாஸ்ஃபெட்டுக்குத்தான் விலை உயர்ந்த ரகம் தேடுகிறார்கள். பட்டியலில் அதன் ஆன் தடை சாப்பிடுவதுதான் ஆகக் குறைவு, கூடுதல் சாப்பிடுவது காயில். பத்து ரூபாய் கூடச் செலவழிக்க மனது வந்தால் தடித்த கம்பி சுற்றிய காயிலுக்குச் செலவழியுங்கள். முன்னால் இருக்கும் சப்ளை 90 சதவீதம் என்றால் மொத்தம் 87. இதையே லீனியராக (ஸ்விட்சிங் இல்லாமல், மிச்ச வோல்டேஜைச் சூடாக்கி விரயம் செய்து) செய்தால் 18 வோல்ட்டும் வீண், 12.6 வாட் சூடு. ஹீட்சிங்க் விளக்கைவிடப் பெரிதாகிவிடும்.

இனி டிம்மிங். அனலாக் என்றால் ஓடும் கரண்டையே குறைப்பது. பிடபிள்யூஎம் என்றால் முழுக் கரண்டை வேகமாக விட்டு விட்டு ஓட்டி, சராசரியைக் குறைப்பது. எது நல்லது என்று இணையம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். 1 சதவீதம் வேண்டும் என்றால் தனியாக இரண்டுமே தோற்கும். எப்படித் தோற்கின்றன என்று பார்த்தால் வழி தெரிந்துவிடும்.

பிடபிள்யூஎம்மை எடுங்கள். பக் ஆஃபிலிருந்து ஆன் ஆனதும் கரண்ட் உடனே 700க்கு எகிறாது, காயில் விடாது. 330 மைக்ரோஹென்றி, மிச்சமிருக்கும் 18 வோல்ட்: ஏறுவதற்கு 12.8 மைக்ரோசெகண்ட். இப்போது எவ்வளவு வேகமாக விட்டு விட்டு ஓட்ட வேண்டும்? அதே ஐஇஇஇ பரிந்துரையில், 100 சதவீதம் ஆன், ஆஃப் ஆகும் வெளிச்சம் 1250 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் ஆபத்து குறைவு, 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் பாதிப்பே தெரியாது என்று இருக்கிறது. 3.2 கிலோஹெர்ட்ஸ் எடுத்தால் ஒரு சுற்று 312 மைக்ரோசெகண்ட். அதில் 1 சதவீதம் 3.1 மைக்ரோசெகண்ட். கரண்ட் முழுசாக ஏறவே 12.8 வேண்டும், நாம் கொடுப்பது 3.1. மலை ஏறத் தொடங்கும்போதே இறங்கச் சொல்கிறோம். 200 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் நேரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் செல்போன் கேமராவில் கோடு கோடாக ஓடும், மின்விசிறி இறக்கை நின்று நின்று சுற்றுவது போலத் தெரியும்.

அனலாக்கில் கதை வேறு. 700 மில்லிஆம்பியருக்கு 200 மில்லிவோல்ட் என்று அளக்கும் ரெசிஸ்டர் வைத்தோம். 1 சதவீதத்தில் அது 2 மில்லிவோல்ட். அந்த வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் சாதாரண கம்பேரட்டரின் ஆஃப்செட்டே (உள்ளேயே இருக்கும் பிழை) 2, 3 மில்லிவோல்ட் வரும். ஒரு பலகை 1 சதவீதத்தில் எரியும், இன்னொன்று அணைந்தே இருக்கும், மூன்றாவது 2 சதவீதத்தில் நிற்கும். அதோடு, ரிப்பிள் 170 என்பதால் சராசரி 85க்குக் கீழே போனதும் காயிலில் கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்ஜியத்தைத் தொட்டு நிற்கத் தொடங்கும். அங்கிருந்து குமிழுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு கோணலாகிவிடும்.

ஆகவே இரண்டையும் அடுக்குங்கள். 100இலிருந்து 20 சதவீதம் வரை அனலாக். 20 சதவீதம் என்பது 140 மில்லிஆம்பியர், 85க்கு மேலேதான் இருக்கிறோம், அளக்கும் வோல்டேஜ் 40 மில்லிவோல்ட், ஆஃப்செட் பெரிதாகக் கெடுக்காது. அதற்குக் கீழே கரண்டை 140இலேயே நிறுத்திவிட்டு 3.2 கிலோஹெர்ட்ஸில் பிடபிள்யூஎம். அதை 5 சதவீதம் வரை இறக்கினால், 20இல் 5 சதவீதம் என்பது மொத்தத்தில் 1 சதவீதம். 312இல் 5 சதவீதம் 15.6 மைக்ரோசெகண்ட். கரண்ட் இப்போது 140க்கு மட்டும் ஏறினால் போதும், அதற்கு 2.6 மைக்ரோசெகண்ட்தான். ஏறும்போது இழப்பதில் பாதிக்கு மேல், ஆஃப் ஆனதும் காயில் 1.5 மைக்ரோசெகண்ட் எடுத்து இறங்கும்போது திரும்ப வந்துவிடும். மிச்சப் பிழை 4 சதவீதத்துக்குள், கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்கும் இது பிடிக்கும். கரண்ட் குறைந்தால் அதன் லூமன் பர் வாட் (ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம்) ஏறும், அனலாக் பகுதியில் அந்த லாபம் சும்மா கிடைக்கிறது. அனலாக்கில் நிறம் லேசாக மாறும் என்பது உண்மைதான், ஒற்றை விளக்குள்ள ஹாலில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஐசி தேர்வில் ஒரு எச்சரிக்கை. 15.6 மைக்ரோசெகண்ட் துடிப்புக்குள் 200 கிலோஹெர்ட்ஸ் பக்குக்கு மூன்றே சுற்றுதான் கிடைக்கும். உள்ளே தனிக் கடிகாரம் ஓடும் ஐசி என்றால், ஒரு துடிப்பில் மூன்று சுற்று விழும், அடுத்ததில் இரண்டு விழும். வெளிச்சம் அடியில் தண்ணீர் மாதிரி தளும்பும். ஹிஸ்டரெட்டிக் (கரண்ட் மேல், கீழ் எல்லைகளைத் தொடும்போது மாறும்) அல்லது ஆஃப் நேரம் நிலையான வகை ஐசிகளில் ஒவ்வொரு துடிப்பும் புதிதாகத் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பிடி4115 ஹிஸ்டரெட்டிக் வகைதான், ஆனால் 30 வோல்ட் வரைதான் தாங்கும், நம் 48க்கு ஆகாது. எல்எம்3409எச்வி ஆஃப் நேரம் நிலையான வகை, 75 வோல்ட் வரை தாங்கும், அனலாக்குக்கும் பிடபிள்யூஎம்முக்கும் தனித்தனிக் கால்கள் இருக்கின்றன. அப்புறம், எல்இடிக்குக் குறுக்கே பெரிய கெபாசிட்டர் போடாதீர்கள். ரிப்பிளைக் குறைக்கும் என்று நினைத்துப் போடுவார்கள், ஒவ்வொரு துடிப்பிலும் அது நிரம்பி வடிந்து பிடபிள்யூஎம்மைக் குழப்பிவிடும்.

குமிழுக்கு வருவோம். கண் நேர்கோட்டில் பார்ப்பதில்லை. அளவுமானி 10 சதவீதம் காட்டும் வெளிச்சம் கண்ணுக்கு 30 சதவீதத்துக்குச் சற்று மேலே தெரியும், 1 சதவீதம் 10 போலத் தெரியும். குமிழை நேராக இணைத்தால் அடியில் இருக்கும் கால் சுற்றிலேயே பாதி வித்தியாசம் நடந்துவிடும். குமிழின் நிலையை இருமடியாக்கிக் கொடுங்கள், போதும். வணிகக் கட்டடங்களில் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டாலி முறையில் 0.1 முதல் 100 சதவீதம் வரை 254 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சுமார் 2.8 சதவீதம் கூடுதலாக இருக்கும்படி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

8 பிட் (0 முதல் 255 வரை எண்ணும்) பிடபிள்யூஎம் இங்கே போதாது. நேரடியாக 1 சதவீதம் என்றால் 255இல் 2 அல்லது 3. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் வெளிச்சம் ஒரே தாவலில் 50 சதவீதம் கூடும், படிக்கட்டில் தடுக்கி விழுவது போலத் தெரியும். குமிழைப் படித்து டிரைவருக்குச் சொல்லும் 16 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகண்ட்ரோலரில் 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு 5000 படி கிடைக்கும். நம் 5 சதவீதம் 250ஆவது படியில் வரும், ஒரு படி கூடினால் 0.4 சதவீதம்தான் மாறும். குமிழின் பொட்டென்ஷியோமீட்டரை (திருகினால் தடை மாறும் பாகம்) படிக்கும்போது ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) ஒன்றிரண்டு எண் ஆடும், 1 சதவீதத்தில் அதுவே மினுக்கலாகத் தெரியும். பதினாறு முறை படித்துச் சராசரி எடுங்கள், இரண்டு எண்ணுக்கு மேல் மாறினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் ஒரு வாரம் பக் சர்க்யூட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது, தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டரைத்தான்.

இன்னொன்றும் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் பலகை இரவில் டிம் செய்ததும் கொசு மாதிரி ‘ஈ...’ என்று பாடியது. அப்போது 1 கிலோஹெர்ட்ஸ் வைத்திருந்தேன். காயில்தான் அதிர்கிறது என்று வார்னிஷ் எல்லாம் ஊற்றினேன், நிற்கவில்லை. மரக்குச்சியால் ஒவ்வொரு பாகத்தையும் அழுத்திப் பார்த்தபோது, 48 வோல்ட் உள்வாயில் இருந்த சிப் வகை செராமிக் கெபாசிட்டரைத் தொட்டதும் சத்தம் அடங்கியது. அந்த ரகத்தின் செராமிக், வோல்டேஜ் மாறும்போது சுருங்கி விரியும், பலகையையே ஸ்பீக்கர் ஆக்கிவிடும். 3.2 கிலோஹெர்ட்ஸும் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்தான். அதனால் உள்வாயில் செராமிக்கோடு ஒரு 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கையும் சேருங்கள். துடிப்பின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். 105 டிகிரி, 5000 மணி நேர ரகம் எடுங்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது இதற்கான வழக்கமான கணக்கு, 85 டிகிரியில் வைத்தால் 20,000 மணி நேரம் வரும். எல்இடி பலகையின் முதுகில் டிரைவரை ஒட்டாமல் ஒரு விரல்கடை தள்ளி வையுங்கள், அந்த 85 இன்னும் இறங்கும்.

அடியில் செயல்திறன் சரிகிறதே என்று பயப்பட வேண்டாம். 1 சதவீதத்தில் எல்இடி எடுப்பது 0.2 வாட், முன்னால் இருக்கும் சப்ளை தனக்காக அதைவிடக் கூடுதலாகவே சாப்பிடும். சதவீதமாகப் பார்த்தால் கேவலமாக இருக்கும், ஆனால் மொத்தமே ஒரு வாட் அளவுதான். விளக்கை அணைக்கும்போது மட்டும் குமிழில் பூஜ்ஜியமாக்காமல் மெயின்ஸ் ஸ்விட்ச்சிலேயே அணைக்கும்படி கம்பி இழுங்கள்.

ஆஸிலோஸ்கோப் (வோல்டேஜை அலையாகத் திரையில் காட்டும் கருவி) மாட்டும்போது ஒரு கவனம். எல்எம்3409எச்வி மாதிரி ஐசிகளில் கரண்ட் அளக்கும் ரெசிஸ்டர் மேல்பக்கம், 48 வோல்ட்டில் தொங்குகிறது. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அதன் ஒரு முனையில் மாட்டாதீர்கள். சப்ளையின் மைனஸ் எர்த்தில் இருந்தால் கிளிப் வழியே 48 வோல்ட் நேராக ஷார்ட் ஆகும். எனக்கு அப்படி ஒரு ஐசியும் ஒரு ப்ரோபும் போனது. எல்இடி வரிசையின் அடிமுனைக்கும் மைனஸுக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்த்து, கிளிப்பை மைனஸில் வைத்து அதில் பாருங்கள். 1 மில்லிவோல்ட்டுக்கு 1 மில்லிஆம்பியர். குமிழை அடிவரை இறக்கினால் 15.6 மைக்ரோசெகண்ட் அகலத்தில், மேலே மூன்று பல் உள்ள சின்னப் பெட்டி ஒன்று ஒரே இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் முதலில் பொட்டென்ஷியோமீட்டரைப் பாருங்கள்.